.38 ஸ்பெஷல் ரீலோடிங்கும் டார்கெட் ஷூட்டிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீலோடிங்னா என்ன, ஒரே வரியில சொல்லுங்க?

சுட்ட தோட்டாவோட பித்தளை கேஸை தூக்கிப் போடாம, சுத்தம் பண்ணி, பழைய அளவுக்கு கொண்டுவந்து, புது பிரைமர் (கேஸ் அடியில இருந்து தீ மூட்டற சின்ன மூடி), புது பவுடர், புது குண்டு வச்சு மறுபடி தோட்டாவாக்குறது. தோட்டாவுல மொத்தமே நாலு பொருள்தான், அதுல விலை கூடுதலானதும் திரும்பத் திரும்ப பயன்படுறதும் கேஸ் ஒண்ணுதான், மத்த மூணும் ஒரு தடவை சுட்டா போச்சு.

இது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். சில நாட்டுல துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா போதும், சில இடத்துல பவுடருக்கும் பிரைமருக்கும் தனி அனுமதி வேணும், எவ்ளோ கையிருப்பு வச்சுக்கலாம்னு வரம்பு இருக்கும், சில இடத்துல தனியாள் பண்ணவே கூடாது. உங்க ஊர் சட்டம் என்னன்னு எழுத்துல தெரிஞ்சுக்காம ஒரு பிரைமர் கூட வாங்காதீங்க. கீழ இருக்கறது எல்லாம் லைசென்ஸும் அனுமதியும் கையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான்.

எத்தனையோ தோட்டா இருக்கு, ஏன் .38 ஸ்பெஷல்?

1898ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது, இன்னிக்கும் உலகம் பூரா சுடுறாங்க. அழுத்தம் குறைவு, எஸ்.ஏ.ஏ.எம்.ஐ.ங்கற அமெரிக்க தோட்டா தர அமைப்போட வரையறைப்படி அதிகபட்சம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்ட்தான், இதோட அண்ணன் .357 மேக்னத்துக்கு அது 35,000. அழுத்தம் கம்மின்னா உதைப்பு கம்மி, கேஸ் ரொம்ப நாள் உழைக்கும், காகித டார்கெட்டுல நிதானமா சுட கை ஒத்துழைக்கும். கேஸ் நேரான உருளை வடிவம், அதனால கார்பைட் டை (கேஸை அழுத்தி அளவுக்கு கொண்டுவர்ற கடினமான அச்சு) போட்டா எண்ணெயோ லூப்போ தடவாமலே சைஸ் பண்ணிடலாம். ரிவால்வர்ல சுட்டா கேஸ் நாலாப்பக்கமும் பறக்காது, சிலிண்டரைத் திறந்து தட்டினா மொத்தமும் உள்ளங்கையில வந்து விழும், புல்லுக்குள்ள குனிஞ்சு தேட வேண்டியதே இல்ல.

ரீலோடிங் கத்துக்க நல்ல தோட்டாதான், ஆனா ஒரு பெரிய ஆபத்து இதுக்குள்ளயே இருக்கு. இந்தப் பக்கத்தை எழுதுறதே முக்கியமா அதுக்காகத்தான், அடுத்த கேள்வியில வருது.

அந்த ஆபத்து என்ன?

டபுள் சார்ஜ். அதாவது ஒரே கேஸுக்குள்ள பவுடர் ரெண்டு தடவை விழுறது.

இந்தத் தோட்டா பிறந்த காலத்துல உள்ள போனது கருமருந்து, அது நிறைய இடம் எடுக்கும், அதனால கேஸை அவ்ளோ உயரமா வச்சாங்க. இப்போ நம்ம போடுறது புகையில்லா பவுடர், அதே வேலைக்கு ரொம்ப கொஞ்சமே போதும், டார்கெட் லோடுல, அதாவது காகிதத்துல சுடறதுக்கான மென்மையான தோட்டாவுல, கேஸோட அடியில ஒரு மெல்லிய படலம் மாதிரி கிடக்கும், மேல எல்லாம் காலியிடம். அதனால ரெண்டாவது தடவை கொட்டினாலும் வழியாது, சில பவுடர்ல மூணாவது தடவைக்கும் இடம் இருக்கும். குண்டை மேல வச்சு அழுத்தினா அதுபாட்டுக்கு உட்கார்ந்துக்கும், தோட்டாவை வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எடை போட்டு கண்டுபிடிச்சிடலாம்னு நினைப்பீங்க, ஆனா கேஸுக்கு கேஸ், குண்டுக்கு குண்டு இருக்கற எடை வித்தியாசமே அந்த பவுடர் எடை அளவுக்கு வந்துடும், அதனால முடிஞ்ச தோட்டாவை தராசுல வச்சு நிம்மதி அடைய முடியாது. சுடும்போது சிலிண்டர் வெடிச்சு, ரிவால்வரோட மேல்பட்டை பிய்ஞ்சு போற அளவுக்கு அது போகும், கையும் கண்ணும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு.

தடுக்கற வழி ஒண்ணுதான், குண்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் கண்ணால பாக்கணும். அம்பது குழி இருக்கற லோடிங் பிளாக்ல கேஸ் எல்லாத்தையும் நிறுத்தி வச்சு, பவுடர் போட்டு முடிச்சதும் டார்ச்சை சாய்வா பிடிச்சு வரிசை வரிசையா எட்டிப் பாருங்க. எல்லாத்துலயும் பவுடர் ஒரே மட்டத்துல இருந்தா வெளிச்சம் ஒரே ஆழத்துல நிக்கும், ஒண்ணு மட்டும் மேல ஏறி இருந்தா உடனே கண்ணுல உறுத்தும், ஒண்ணுல பித்தளை அடி பளிச்சுனு தெரிஞ்சா அதுல பவுடரே விழல. சந்தேகம் வந்த கேஸை மட்டும் இல்ல, அது பக்கத்துல இருக்கறதையும் கொட்டிட்டு மறுபடி போடுங்க. இதுக்கு ஆகறது ஒரு நிமிஷம்கூட இல்ல.

இன்னொரு பக்கம், பவுடரே விழலன்னா?

அதுக்குப் பேரு ஸ்குயிப். பிரைமரோட சக்தி மட்டுமே குண்டை கேஸுல இருந்து தள்ளி குழலுக்குள்ள பாதி வழியில விட்டுடும். சத்தம் வழக்கமான "டமார்" இல்லாம "பட்"டுன்னு மட்டும் வரும், உதைப்பு இருக்காது, டார்கெட்டுல ஓட்டை விழாது. அந்த நொடியே நிறுத்தணும். அடுத்த குண்டு போய் அதுல மோதினா குழல் வீங்கிடும், இல்ல கிழிஞ்சிடும்.

முதல்ல குழலை டார்கெட் பக்கமே வச்சுட்டு அரை நிமிஷம் காத்திருங்க, சில சமயம் பிரைமர் தாமதமா பத்திக்கும். அப்புறம் சிலிண்டரைத் திறந்து எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு குழலுக்குள்ள கம்பி விட்டு பாருங்க. சிலிண்டர் திறக்கவே மாட்டேங்குதுன்னா குண்டு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல பாதி பாதியா மாட்டியிருக்கு, அப்போ அடிச்சுப் பிடுங்காம ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்க. வேகமா சுடுற போட்டியில இதைத் தவறவிடற வாய்ப்பு அதிகம், நேரம் ஓடிட்டே இருக்கும், விரல் பழக்கத்துல அடுத்ததை இழுத்துடும். காது சந்தேகப்பட்டா கை நிக்கணும், ஸ்கோர் போனா போகட்டும்.

ஆரம்பிக்க என்னென்ன சாமான் வேணும்?

ஒரு பிரஸ் (கைப்பிடியை இழுத்து கேஸை டைக்குள்ள அழுத்தற கருவி), .38க்கான கார்பைட் டை செட், கேஸைப் பிடிச்சுக்கற ஷெல் ஹோல்டர், பவுடர் எடை போட தராசு, ஒவ்வொரு இழுப்புக்கும் அளவா பவுடர் கொட்டற பவுடர் மெஷர், லோடிங் பிளாக், அளவெடுக்க வெர்னியர் கேலிபர், கேஸைச் சுத்தி சுத்தம் பண்ற டம்ளர் மெஷின், தப்பா போட்ட தோட்டாவைப் பிரிக்க சுத்தியல் மாதிரி இருக்கற புல்லட் புல்லர். பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பா. இதோட குறைஞ்சது ஒரு லோட் மேனுவல், அதாவது எந்த குண்டுக்கு எந்த பவுடர் எவ்ளோன்னு சொல்ற புத்தகம்.

பிரஸ்ல மூணு வகை இருக்கு: சிங்கிள் ஸ்டேஜ், டரெட் (டைகளை மாட்டின தலையைச் சுழற்றி வேலையை மாத்தறது), புரோகிரசிவ். முதல் வகையில ஒரு நேரத்துல ஒரு வேலைதான், எல்லா கேஸையும் சைஸ் பண்ணிட்டு டை மாத்தி, அடுத்த வேலைக்குப் போகணும். புரோகிரசிவ்ல கைப்பிடியை ஒரு தடவை இழுத்தா நாலஞ்சு கேஸுல நாலஞ்சு வேலை ஒரே நேரத்துல நடக்கும், மணிக்கு நூத்துக்கணக்குல வரும். புதுசா வர்றவங்க நேரா புரோகிரசிவ் வாங்கறாங்க, அது வேண்டாம்னு நான் உறுதியா சொல்லுவேன். ஒரே நேரத்துல நாலு இடத்துல நடக்கறதைக் கவனிக்கற பழக்கம், அந்த நாலையும் தனித்தனியா கையால செஞ்சவங்களுக்குத்தான் வரும். ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸை ஒழுங்கா வச்சுக்கிட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் வரும், பின்னாடி வேற பிரஸ் வாங்கினாலும் இது வீணாகாது.

வேலை எந்த வரிசையில நடக்கும்?

முதல்ல கேஸ் பரிசோதனை. வாய் ஓரத்துல கீறல், உடம்புல வெடிப்பு, அடிப்பக்கம் வீக்கம் இருந்தா நசுக்கித் தூக்கிப் போடுங்க, நசுக்கலன்னா அது மறுபடி குவியல்ல கலந்துடும். அப்புறம் டம்ளர்ல கழுவுறது. சோளக்கதிர் சக்கைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு உலர்வா சுத்தலாம், இல்லன்னா ஸ்டீல் ஊசி, தண்ணி, சோப்பு போட்டு ஈரமாவும் சுத்தலாம். ஈரமா சுத்தினா கேஸ் உள்ள துளி ஈரம் இல்லாம காய வைக்கணும். பித்தளைப் பாத்திரம் தேய்க்கற பாலிஷ்ல அமோனியா இருந்தா அதைத் தொடாதீங்க, அது பித்தளையை பலவீனமாக்கும்.

அடுத்து சைஸிங் டை. சுடும்போது விரிஞ்ச கேஸ் இங்க பழைய அளவுக்கு வரும், அதே இழுப்புல பழைய பிரைமரும் கீழ விழுந்துடும். அதுக்கப்புறம் எக்ஸ்பாண்டர் டை கேஸ் வாயை மணி வடிவத்துல லேசா மலர்த்தும், ஈயக்குண்டு ஓரம் சீவப்படாம உள்ள இறங்கறதுக்கு. எவ்ளோ மலர்த்தணும்னா குண்டு தானா நிக்கற அளவு, அவ்ளோதான், அதுக்கு மேல மலர்த்தினா ஒவ்வொரு தடவையும் பித்தளை மடிஞ்சு மடிஞ்சு வாயில கீறல் சீக்கிரம் வந்துடும்.

பிரைமர் வைக்கறதுல கைக்கு வேலை இருக்கு. அடியில போய் முட்டுறது நெம்புகோல்ல உணரணும், முட்டினதும் நிறுத்தணும். முடிஞ்சதும் ஒவ்வொண்ணையும் ஆள்காட்டி விரலால தடவிப் பாருங்க, பிரைமர் கேஸ் அடியை விட மயிரிழை உள்ள இருக்கணும், விரல்ல மேடு தட்டுச்சுன்னா அந்தத் தோட்டா சிலிண்டரைச் சுத்த விடாது, அதைவிட மோசமா, முதல் அடி பிரைமரை உள்ள தள்ளவே செலவாகி சுடாம போகும்.

பிறகு பவுடர், பிறகு டார்ச் பரிசோதனை, பிறகு குண்டு, கடைசியா கிரிம்ப், அதாவது கேஸ் வாயை உள்பக்கம் அழுத்தி குண்டைப் பிடிக்க வைக்கறது.

பவுடர் எவ்ளோ போடணும்னு ஒரு நம்பர் சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன், வேற யாராவது சும்மா வாய்மொழியா சொன்னாலும் எடுத்துக்காதீங்க. அந்த நம்பர் பவுடரோட பேரு, குண்டோட எடை மட்டும் இல்ல, வடிவம், எவ்ளோ ஆழம் இறங்குது, பிரைமர் எது, எல்லாத்தையும் சேர்த்து ஆய்வகத்துல அழுத்தம் அளந்து வர்றது. ஹாட்ஜ்டன், அலையன்ட், விக்தவூரி மாதிரி பவுடர் கம்பெனிங்களும் ஹார்னடி, ஸ்பியர் மாதிரி குண்டு கம்பெனிங்களும் அதை வெளியிடுறாங்க. ரெண்டு இடத்துல ஒப்பிட்டுப் பாருங்க, ஆரம்ப அளவுல இருந்து தொடங்குங்க, உச்ச அளவைத் தாண்டாதீங்க. ஆரம்ப அளவுக்குக் கீழயும் போகாதீங்க, குண்டு குழல்ல நிக்கற ஆபத்து அங்கதான், முக்கியமா செம்பு உறை போட்ட குண்டுல. ஈயத்தை விட அதுக்கு குழல்ல உராய்வு ஜாஸ்தி.

எடை எல்லாம் கிரெயின்ல வரும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். கால் கிரெயின், அரை கிரெயின் வித்தியாசமே இந்த சின்ன அளவுல பெருசு, அதனால தராசை சோதனை எடைக்கல்லு வச்சு ஒவ்வொரு தடவையும் சரிபாருங்க. ஃபேன் ஓடினா தராசு ஆடும், நிறுத்திடுங்க. எலக்ட்ரானிக் தராசுன்னா கொஞ்ச நேரம் ஆன் பண்ணி வச்சுட்டு அப்புறம் எடை போடுங்க, செல்போனை தள்ளி வைங்க.

பவுடர் மெஷர்ல கைப்பிடி வேகம் மாறினா விழற அளவும் மாறும். முதல் சில வீச்சைத் திரும்ப ஹாப்பர்லயே (மேல பவுடர் நிரப்பி வைக்கற குடுவை) கொட்டிட்டு, அப்புறம் ஒரே தாளத்துல இழுங்க, பத்துக்கு ஒண்ணு தராசுல போட்டுப் பாருங்க.

வாட்கட்டர் குண்டுன்னு சொல்றாங்களே, அது ஏன் அப்படி தட்டையா இருக்கு?

காகிதத்துல ஓட்டை சுத்தமா விழணும்னு. உருண்டை மூக்கு குண்டு காகிதத்தைக் கிழிச்சுட்டுப் போகும், ஓரம் பிசிறு பிசிறா நிக்கும், கோட்டைத் தொட்டுச்சா இல்லையான்னு சண்டை வரும். வாட்கட்டர் பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமா வெட்டி எடுத்துடும். குண்டோட விளிம்பு உள் வளையத்தோட கோட்டை லேசா தொட்டாலே கூடுதல் மதிப்பெண், அதனால இந்த சுத்தமான ஓட்டைக்கு மதிப்பு இருக்கு.

இதுல பேர்போனது 148 கிரெயின் ஹாலோ பேஸ் வாட்கட்டர், அதாவது சுமார் 9.6 கிராம், மெத்தென்ற ஈயம், பின்பக்கம் குழிவா இருக்கும். சுடும்போது வாயு அந்தக் குழியை விரிச்சு குழலோட பள்ளங்கள்ல அழுத்திப் பிடிக்கும், துல்லியம் அதுலதான் வருது. விநாடிக்கு சுமார் 700 அடி வேகம், அதாவது 210 மீட்டர் சொச்சம், அதுக்கு மேல விரட்ட வேண்டாம். கூடுதலா பவுடர் போட்டா பின்பக்க பாவாடை கிழிஞ்சு வளையமா குழல்லயே தங்கிடும், அடுத்த குண்டு அதுல மோதும்.

இன்னொரு விஷயம், இந்தக் குண்டு கேஸ் வாய் மட்டத்துக்கே உள்ள இறங்கி உட்காரும். அப்போ உள்ள காலியிடம் குறையுது, அழுத்தம் ஏறுது. வேற வடிவ 148 கிரெயின் குண்டுக்கு போட்ட அளவை எடை ஒண்ணுதானேன்னு இதுக்கும் போடக்கூடாது. எக்ஸ்பாண்டரும் வாட்கட்டருக்குன்னு ஆழமா இறங்கறது வேணும், இல்லன்னா கேஸோட அடிப்பகுதி பின்பக்க பாவாடையை நெருக்கி சுருக்கிடும், துல்லியம் போயிடும்.

.38னு பேரு, ஆனா குண்டு வாங்கப் போனா .357, .358ங்கறாங்களே?

குண்டோட விட்டம் அதுதான், செம்பு உறைக்கு .357 அங்குலம், ஈயத்துக்கு பெரும்பாலும் .358. .38ங்கறது பழைய காலத்துல கேஸோட வெளி விட்டத்துல இருந்து வந்த கணக்கு. 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கான .355 குண்டை இதுல வைக்காதீங்க, பிடிமானம் இருக்காது.

.357 ரிவால்வர்ல .38 சுடலாமா, திருப்பியும் பண்ணலாமா?

முதலாவது தாராளமா. ரெண்டாவது கூடவே கூடாது. .357 மேக்னம் 1935ல வந்தபோதே கேஸை மூணு மில்லிமீட்டருக்கு மேல நீட்டி வச்சதே .38 ரிவால்வருக்குள்ள போகக்கூடாதுன்னுதான். .357ல .38 நிறைய சுட்டீங்கன்னா சிலிண்டர் அறைக்குள்ள கேஸ் முடியற இடத்துல கரியும் ஈயமும் வளையமா படியும், அப்புறம் .357 கேஸ் முழுசா இறங்காது. செம்பு பிரஷ் போட்டு தேச்சு எடுத்துடுங்க.

ரேஞ்ச்ல பொறுக்கின கேஸ் குவியல்ல .357 ஒண்ணு ரெண்டு கலந்திருக்கும், டையை .38க்கு செட் பண்ணி வச்சிருக்கும்போது அது போனா நசுங்கும். அடியில பொறிச்சிருக்கறதைப் படிச்சுப் பிரிங்க. அலுமினிய கேஸை எடுக்கவே எடுக்காதீங்க. உள்ள எட்டிப் பாத்தா நடுவுல ஒரு ஓட்டைக்குப் பதிலா ரெண்டு சின்ன ஓட்டை தெரிஞ்சா அது பெர்டன் பிரைமர், நம்ம டையோட ஊசி அதுல உடையும்.

கிரிம்ப் எவ்ளோ போடணும்?

டார்கெட் லோடுக்கு லேசான ரோல் கிரிம்ப் போதும். ரிவால்வர்ல ஒரு தோட்டா சுடும்போது மத்த அறைகள்ல இருக்கற குண்டுங்க உதைப்புல முன்னாடி நழுவப் பாக்கும், நழுவி வெளிய நீட்டிக்கிட்டா சிலிண்டர் சுத்தாது, அதைப் பிடிச்சு வைக்கறதுக்குத்தான் கிரிம்ப். பவுடர் ஒரே மாதிரி எரியவும் இது உதவும். கேஸ் நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறினா கிரிம்பும் மாறும், அதனால நுணுக்கமா சுடுறவங்க கேஸை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கறாங்க.

ஒரே பவுடர், ஒரே அளவு, ஆனா குரோனோகிராஃப்ல (குண்டு வேகம் அளக்கற கருவி) வேகம் ஏறி இறங்குதே?

நிறைய பேரு பிரைமரை மாத்துவாங்க, குண்டை மாத்துவாங்க. முதல்ல பவுடர் உள்ள எங்க கிடக்குதுன்னு பாருங்க. முன்னாடி சொன்ன அதே காலியிடம்தான் இங்கயும் காரணம். குழலைக் கீழ சாய்ச்சு தூக்கி சுட்டா பவுடர் குண்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கும், பிரைமர் தீ அதுக்கு எட்ட தாமதம், வேகம் குறையும். பவுடர் பிரைமர் பக்கம் கிடந்தா வேகம் ஏறும். சில பவுடர்ல இந்த வித்தியாசம் அப்பட்டமா தெரியும், சிலதுல அவ்வளவா இல்ல. துப்பாக்கியை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தூக்கினாலே பாதி சரியாகும், போட்டியில கையை மேசையில இருந்து ஒரே விதமா உயர்த்தறவங்களுக்கு இது தானா அமைஞ்சுடும். ஒரு லோடை சோதிக்கும்போது மூணு குண்டு போட்டு முடிவு பண்ணாதீங்க, குறைஞ்சது பத்து குண்டு போடுங்க, கையை ரெஸ்ட்ல (தாங்கு மேல) வச்சு.

போட்டியில இது எந்தப் பிரிவுல வரும்?

சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப்.போட 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல். 7.62ல இருந்து 9.65 மில்லிமீட்டர் வரைக்கும் அனுமதி, .38 உள்ள அடங்கும். ஒரே கையில பிடிக்கணும், டிரிக்கர் இழுப்பு குறைஞ்சது 1,000 கிராம் இருக்கணும். 60 குண்டு, பாதி நிதானமா, அஞ்சு குண்டுக்கு அஞ்சு நிமிஷம், மீதி வேகப் பகுதி, அதுல டார்கெட் மூணு விநாடி காட்டும், ஏழு விநாடி மறையும், ஒரு தடவை காட்டினா ஒரே குண்டு. நிதானப் பகுதியில பத்து வளையத்தோட விட்டம் 50 மில்லிமீட்டர்.

2006 தோஹா ஆசிய விளையாட்டுல ஜஸ்பால் ராணா இந்தப் பிரிவுல 600க்கு 590 எடுத்து அப்போதைய உலக சாதனையை சமன் பண்ணி தங்கம் வாங்கினார். 60 குண்டுல மொத்தமா பத்தே மதிப்பெண் விடறதுன்னா கை எவ்ளோ அடங்கியிருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. இப்போ உச்சத்துல சுடுறவங்க பெரும்பாலும் உதைப்பு இன்னும் குறைஞ்ச .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் எடுக்கறாங்க, அது உண்மை. ஆனா கிளப் அளவுல சுடவும் கத்துக்கவும் .38க்கு ஒரு குறையும் இல்ல.

தோட்டா நல்லாத்தான் இருக்கு, ஆனா குண்டு எல்லாம் கீழ இடப்பக்கம் போகுது?

வலக்கைக்காரரா இருந்தா, அது பெரும்பாலும் லோடு தப்பு இல்ல, ஃபிளின்ச். வெடிக்கப் போகுதுன்னு மூளை முன்கூட்டியே கையை கீழ அழுத்திடும். கண்டுபிடிக்க ரிவால்வர் மாதிரி நல்ல வாத்தியார் கிடையாது. நண்பர் ஒருத்தரை விட்டு சிலிண்டர்ல ரெண்டு மூணு அறையில மட்டும் நல்ல தோட்டாவும் மீதியில பவுடரும் உயிருள்ள பிரைமரும் இல்லாத டம்மியும் மாத்தி மாத்தி போடச் சொல்லுங்க, எது எங்கன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மி மேல ஹேமர் விழும்போது முன் சைட் கீழ குதிச்சா, அதான் உங்க குண்டு போற வழி. முன் சைட் அசையாம நிக்கற வரைக்கும் இதையே செய்யுங்க. பார்வை முன் சைட் மேல கூர்மையா, டார்கெட் மங்கலா இருக்கணும், விரல் ஒரே சீரா பின்னாடி வரணும்.

பவுடரையும் பிரைமரையும் எப்படி வைக்கறது?

வந்த டப்பாவுலயே, லேபிளோட, குளுமையான உலர்ந்த இடத்துல, பூட்டி, பிள்ளைங்க கைக்கு எட்டாம. பேரு தெரியாத பவுடர்னு ஒண்ணு உங்க வீட்டுல இருக்கவே கூடாது, இருந்தா உங்க ஊர் விதிப்படி அழிச்சிடுங்க, முகர்ந்தும் நிறத்தைப் பாத்தும் எதுன்னு யூகிக்காதீங்க. வேலை நடக்கும்போது மேசையில ஒரே ஒரு பவுடர் டப்பா, முடிஞ்சதும் ஹாப்பரை காலி பண்ணி அதே டப்பாவுல போட்டுடுங்க. பவுடர் டப்பாவைத் திறந்தா நெடி புளிச்ச அமில வாசனை அடிச்சாலோ, செம்பழுப்பா புகை மாதிரி தெரிஞ்சாலோ அது கெட்டுப் போச்சு. பிரைமரை ஒருபோதும் பாட்டில்ல மொத்தமா கொட்டி வைக்காதீங்க, ஒண்ணு வெடிச்சா எல்லாம் சேர்ந்து வெடிக்கும், கம்பெனி தட்டுல பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கறதே அதுக்குத்தான்.

ஈயத்தால உடம்புக்கு கெடுதி வருமா?

வரும், கவனமா இல்லன்னா. நிறைய பேரு குண்டைத் தொடறதை மட்டும்தான் பயப்படறாங்க, உண்மையில அதிகமா உள்ள போறது தூசி வழியா. பிரைமர் கலவையிலயும் ஈயம் இருக்கு, சுட்ட கேஸுக்குள்ள அது தூளா ஒட்டியிருக்கும், உலர் டம்ளர்ல சுத்தும்போது அந்தத் தூள் மேல எழும்பும். டம்ளரை வீட்டுக்கு வெளிய வைங்க, தூளை சலிக்கும்போது முகக்கவசம் போடுங்க, தரையைத் துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியால துடைங்க. வேலை மேசையில டீ, தீனி எதுவும் வேண்டாம். முடிஞ்சதும் குளிர்ந்த தண்ணியில சோப்பு போட்டு கை கழுவுங்க, ரேஞ்சுல போட்ட துணியைத் தனியா துவைங்க, சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டுல இருந்தா இரட்டிப்பு கவனம். அடிக்கடி சுடுறவங்க ரத்தத்துல ஈய அளவு டெஸ்ட் எடுத்துக்கறது நல்லது.

ஒரு கேஸ் எத்தனை தடவை வரும்?

மென்மையான வாட்கட்டர் லோடா இருந்தா ரொம்பவே வரும், வாய் ஓரம் கீறற வரைக்கும் போடலாம். நிக்கல் பூச்சு போட்டது பித்தளையை விட சீக்கிரம் கீறும்.

நடுவுல யாராவது கூப்பிட்டா, போன் வந்தா?

பவுடர் போடற கட்டத்துல இருந்தா, எழுந்து போறதுக்கு முன்னாடி கையில இருக்கற கேஸ்ல இருக்கறதைக் கொட்டிடுங்க. திரும்பி வந்து "இதுல போட்டேனா போடலையா"ன்னு யோசிக்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது. யோசனை வந்துடுச்சுன்னா பிளாக் மொத்தத்தையும் கொட்டிட்டு முதல்ல இருந்து. பவுடர் வீணாகல, டப்பாவுக்குத்தான் திரும்பப் போகுது. டிவி ஓடற அறையிலயும் தூக்கம் வர்ற ராத்திரியிலயும் குடிச்சுட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

முடிஞ்ச தோட்டாவுல என்ன எழுதி வைக்கணும்?

பெட்டி மேல ஒரு சீட்டு: தேதி, குண்டு பேரும் எடையும், பவுடர் பேரு, அளவு, பிரைமர், மொத்த நீளம், கேஸ் எந்த கம்பெனி. நோட்டுலயும் அதையே எழுதி, சுட்டப்புறம் எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல சேர்த்துக்கங்க. சீட்டு விழுந்துபோன பெட்டின்னா, உள்ள என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கற மாதிரி தோணினாலும் சுடாதீங்க, புல்லட் புல்லர்ல ஒவ்வொண்ணா பிரிச்சு, அந்த பவுடரைத் தூக்கிப் போட்டுட்டு, கேஸையும் குண்டையும் மட்டும் வச்சுக்கங்க.